தண்ணீர் வெளியே, எண்ணெய் உள்ளே: சிப்ஸ் சாப்பிட்டால் உடம்புக்கு என்ன ஆகிறது?

1995-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 38 உணவுகளை எடுத்துக்கொண்டு, எது எவ்வளவு நேரம் பசி தாங்குகிறது என்று அளந்தார்கள். எந்த உணவாக இருந்தாலும் சுமார் 240 கிலோகலோரி அளவுக்குக் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிட்டார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு 323 வாங்கி முதலிடத்துக்கு வந்தது. உருளைக்கிழங்கு சிப்ஸுக்குக் கிடைத்தது 91. ரொட்டியைவிடவும் குறைவு.

இரண்டும் ஒரே கிழங்கு. கொடுத்த கலோரியும் ஒன்றுதான். அப்படியிருக்க ஒன்று மற்ற எல்லா உணவையும்விட நன்றாகப் பசி தாங்குகிறது, இன்னொன்று தாங்கவில்லை. உருளைக்கிழங்கைக் கெட்ட உணவு என்று ஒதுக்குபவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிழங்கின் மேல் குற்றமில்லை. அதிலிருந்து தண்ணீர் வெளியேறி, அந்த இடத்துக்கு எண்ணெய் வந்ததுதான் விஷயம். சிப்ஸைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்திலிருந்தே புரிந்துவிடும்.

வாணலியில் நடப்பது

பச்சை உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. கொஞ்சம் புரதம், நார்ச்சத்து, பொட்டாசியம் போன்ற தாதுக்கள். கொழுப்பு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. அதை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதலான தடிமனில் சீவி, 170 முதல் 180 டிகிரி வரை காய்ந்த எண்ணெயில் போடுகிறோம். போட்டதும் சடசடவென்று குமிழி கிளம்புகிறதே, அதை எண்ணெய் கொதிப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் கொதிக்காது. கிழங்குக்குள் இருக்கும் தண்ணீர்தான் ஆவியாகி வெளியே வருகிறது. குமிழியும் அதுதான், சத்தமும் அதுதான். முறுக்கு சுடும்போது ‘சத்தம் அடங்கினதும் எடு’ என்று வீட்டில் சொல்வார்கள். சத்தம் அடங்கிவிட்டால் உள்ளே இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். நன்றாகப் பொரிந்த சிப்ஸில் மிஞ்சுவது சுமார் 2 சதவீத ஈரம் மட்டுமே.

அந்த வறட்சியில்தான் மொறுமொறுப்பு இருக்கிறது. ஈரம் இருக்கும்வரை மாவுச்சத்து வளைந்து கொடுக்கும். ஈரம் போய்விட்டால் இறுகி, பட்டென்று உடையும் நிலைக்கு வந்துவிடும். டப்பாவைத் திறந்து வைத்தால் சிப்ஸ் நமத்துப் போவதும் இதே காரணத்தால்தான். காற்றிலுள்ள ஈரம் திரும்ப உள்ளே போகிறது, இறுகியது மறுபடி இளகுகிறது. மணப்பாறை முறுக்கை ஒருமுறை பொரித்து ஆறவைத்து மறுபடியும் பொரிப்பார்கள். மிச்சமிருக்கும் ஈரமும் போவதால்தான் அது அப்படி நொறுங்குகிறது.

எண்ணெய் எப்போது உள்ளே போகிறது என்பது இன்னும் சுவையான சங்கதி. பொரிந்துகொண்டிருக்கும்போது அவ்வளவாகப் போவதில்லை. ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய்க்கு வழி கிடைப்பதில்லை. சட்டியிலிருந்து எடுத்த பிறகு, சிப்ஸ் ஆறத் தொடங்கும்போது, உள்ளே மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. தண்ணீர் போன துளைகளில் அழுத்தம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்தத் துளைகள் அப்போது உறிஞ்சிக்கொள்கின்றன. சிப்ஸில் சேரும் எண்ணெயில் பெரும்பகுதி இப்படி, எடுத்த பிறகு சேர்வதுதான். அதனால் அரிகரண்டியில் அள்ளியதும் சூட்டோடு நன்றாக உதறி வடிய விடுவது மிக நல்ல பழக்கம். ஆறிய பிறகு காகிதத்தில் ஒற்றி எடுத்தால் மேலே மிஞ்சியிருப்பது மட்டும்தான் வரும்.

நாகர்கோவில் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடையில் நின்று பார்த்தால் இதை நேரிலேயே கவனிக்கலாம். காயைச் சீவுகட்டையில் வைத்து நேராகத் தேங்காயெண்ணெய்ச் சட்டிக்கு மேலேயே சீவுவார்கள். சத்தம் குறையத் தொடங்கும் நேரம் பார்த்து மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்கும் சட்டியில் தெளிப்பார்கள். ஒரே ஆர்ப்பாட்டமாகப் பொங்கி அடங்கும். தண்ணீர் ஆவியாகிப் பறந்துவிட, உப்பு மட்டும் ஒவ்வொரு வில்லையிலும் ஒரே சீராகப் படிந்துவிடும்.

எண்களில் பார்த்தால்

100 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கில் சுமார் 87 கிலோகலோரி. 100 கிராம் சிப்ஸில் சுமார் 540. ஆறு மடங்கு. இதில் கிட்டத்தட்ட 35 கிராம் எண்ணெய். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்பதால் எண்ணெயிலிருந்து மட்டும் 315 வருகிறது. அதாவது பாதிக்கு மேல் எண்ணெயின் கணக்கு. 50 கிராம் பாக்கெட் ஒன்றைச் சாப்பிட்டு முடித்தால் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான எண்ணெய் உள்ளே போயிருக்கும், சுமார் 270 கிலோகலோரி சேர்ந்திருக்கும்.

சிப்ஸில் சத்தே கிடையாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. ஒரு கிலோ சிப்ஸ் செய்ய மூன்று, நான்கு கிலோ கிழங்கு வேண்டும் என்பதால் கிழங்கிலிருந்த பொட்டாசியம், கொஞ்சம் நார்ச்சத்து, கொஞ்சம் புரதம் எல்லாம் அடர்த்தியாகவே இருக்கும். ஆனால் அவற்றைப் பெற நாம் கொடுக்கும் விலை கூடுதல். அதே சத்துகளை ஒரு உருளைக்கிழங்குப் பொரியலில் இதைவிட எவ்வளவோ குறைந்த எண்ணெயில் பெறலாம்.

முறுக்கு, மிக்சர், காராசேவு, ஓமப்பொடி எல்லாம் இதே குடும்பம்தான். கடலை மாவு, உளுந்து மாவு சேர்ந்தவற்றில் புரதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய் இருப்பது மாறாது. வீட்டில் செய்ததா கடையில் வாங்கியதா என்பதை வைத்துக் கலோரி குறைவதில்லை. வீட்டில் செய்தால் எண்ணெய் புதியது என்று நமக்குத் தெரியும், உப்பு நம் கையில் இருக்கும். அந்த இரண்டும் உண்மையான லாபங்கள்தான்.

ஏன் நிறுத்த முடியவில்லை

வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குப் போக நேரம் பிடிக்கும். உணவின் கன அளவு, அதிலுள்ள தண்ணீர், நார், புரதம், மெல்லும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் செய்தி உருவாகிறது. சிப்ஸில் தண்ணீர் இல்லை, கன அளவு குறைவு, வாயில் போட்ட சில நொடிகளில் நொறுங்கிக் கரைந்துவிடுகிறது. வயிறு ‘போதும்’ என்று சொல்லத் தொடங்கும் முன்பே பாக்கெட் தீர்ந்துவிடும். மாவுச்சத்து, எண்ணெய், உப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த சுவை வேறு. ஒன்றோடு நிறுத்த முடியாதவர்களை மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உடம்பு எச்சரிக்கை கொடுக்கவே இடம் தராத உணவு இது.

சத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் 2004-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிப்ஸ் கடிப்பவர்களின் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கடிக்கும் சத்தத்தை மைக்கில் பிடித்து, கூட்டியும் குறைத்தும் அவர்களுக்கே கேட்கச் செய்தார்கள். சத்தத்தைக் கூட்டியபோது, குறிப்பாகக் கீச்சென்ற உயர் ஒலிகளைக் கூட்டியபோது, அதே சிப்ஸை அதிக மொறுமொறுப்பானது, புதியது என்று சொன்னார்கள்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் 2019-இல் வெளிவந்த ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். பதப்படுத்திய உணவு சாப்பிட்ட நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாகத் தினம் சுமார் 500 கிலோகலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடை சுமார் 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரங்களில் ஏறக்குறைய அதே அளவு இறங்கியது. இது சிப்ஸை மட்டும் பற்றிய ஆய்வு அல்ல, ஆனாலும் சிப்ஸ் எந்த வகையில் சேரும் என்பதில் ஐயமில்லை.

நீண்ட காலத்தில் என்ன ஆகும்? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1,20,877 அமெரிக்கர்களின் உணவையும் எடையையும் தொடர்ந்து கவனித்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்தபோது, எடை ஏற்றத்தோடு மிக நெருங்கிய தொடர்பு காட்டிய உணவு உருளைக்கிழங்கு சிப்ஸ்தான். தினமும் ஒரு பங்கு கூட்டியவர்களுக்கு நான்கு ஆண்டில் சராசரியாக முக்கால் கிலோ கூடியிருந்தது. கேட்கச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் நடுத்தர வயதில் நமக்குத் தெரியாமல் ஏறும் எடை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் அதன் பின்னாலேயே வருகின்றன.

கருகல் நிறமும் அக்ரிலமைடும்

2002-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள்: மாவுச்சத்துள்ள உணவைப் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது. இதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-லேயே ‘மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருந்தது. கிழங்கில் இயல்பாகவே இருக்கும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது இது உருவாகிறது.

இங்கேயும் தண்ணீரைக் கவனியுங்கள். ஈரம் இருக்கும்வரை கிழங்கின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். அதனால் வேகவைத்த கிழங்கில் அக்ரிலமைடு கவலை இல்லை. தண்ணீர் தீர்ந்த பிறகுதான் சூடு மேலே ஏறும், நிறம் மாறும், அக்ரிலமைடும் சேரும். பொன்னிறத்தில் எடுத்தால் குறைவு. பழுப்பேறி ஓரம் கருகினால் அதிகம். கிழங்கை அதிகக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது சீக்கிரம் கருக்கும். சிப்ஸ் தயாரிப்பவர்கள் சர்க்கரை குறைந்த கிழங்கைத் தேடுவது இதற்காகத்தான். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-இல் குஃப்ரி சிப்சோனா என்ற ரகங்களை இதற்கென்றே வெளியிட்டது.

பயப்பட வேண்டுமா? விலங்குகளுக்கு மிக அதிக அளவில் கொடுத்தபோது புற்றுநோய் வந்தது. மனிதர்கள் உணவில் சாப்பிடும் அளவை வைத்துச் செய்த ஆய்வுகள் ஒன்றுபோல் முடிவு சொல்லவில்லை. காபியிலும் முறுகச் சுட்ட ரொட்டியிலும்கூட இது இருக்கிறது. என்னைக் கேட்டால், சிப்ஸ் விஷயத்தில் அக்ரிலமைடைவிட எண்ணெயும் உப்பும் பெரிய கவலை. ஆனாலும் கருகியதை எடுத்து ஒதுக்கிவிடுவது நல்லது.

உப்பு

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாக்கெட்டில் ‘உப்பு’ என்று எழுதியிருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 2 கிராம் உப்பு. 50 கிராம் பாக்கெட்டில் 1 கிராம், அதாவது ஒரு நாள் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இதற்கு மேல். மசாலா தடவியவற்றில் உப்பு இன்னும் கூடும்.

லேபிளைப் பார்க்கும்போது இன்னொன்று: ‘ஒரு பரிமாறும் அளவு’ என்பது பெரும்பாலும் பாக்கெட் முழுவதுக்கும் சமம் அல்ல. 20, 30 கிராமுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். அதனால் 100 கிராம் கட்டத்தைப் பார்த்து, பாக்கெட்டின் எடையை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்.

‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி கிடையாது. கவனிக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்லைக் கூட்டுவது அதுதான். பாக்கெட் சிப்ஸில் பரவலாகப் பயன்படும் பாமோலினில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயெண்ணெயில் அது 80 சதவீதத்தைத் தாண்டும். நேந்திரங்காய் சிப்ஸ் எனக்கும் பிடிக்கும், ஆனால் வாழைக்காய் என்பதால் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் டின் கணக்கில் வாங்கி வைப்பது சரியல்ல. பீட்ரூட், வெண்டைக்காய், பாகற்காய் சிப்ஸுக்கும் இதேதான். காயின் பெயர் மாறினாலும் தண்ணீர் போய் எண்ணெய் வரும் கதை ஒன்றே.

பொரிக்காமல் சுட்ட சிப்ஸில் எண்ணெய் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இருந்தாலும் 100 கிராமுக்கு 400 கிலோகலோரியைத் தாண்டிவிடும், ஏனென்றால் அதிலும் தண்ணீர் இல்லை. அக்ரிலமைடும் குறைந்துவிடாது.

சரி, என்ன சாப்பிடலாம்

நொறுக்குத் தீனியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மாலை நாலு மணிக்குப் பசிப்பது இயல்பு. அந்த நேரத்துக்கு என் முதல் சிபாரிசு சுண்டல். கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ வெந்திருப்பதால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, புரதமும் நாரும் இருக்கின்றன, மென்று தின்ன நேரம் பிடிக்கும். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் இரவு சாப்பாடு வரை தாங்கும். மொறுமொறுப்புத்தான் வேண்டும் என்றால் பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை. வேர்க்கடலையில் கொழுப்பு அதிகம்தான், கலோரி சிப்ஸுக்கு இணைதான். ஆனால் பெரும்பாலும் நிறைவுறாத கொழுப்பு, கூடவே 100 கிராமுக்கு 25 கிராம் புரதம். ஒரு கைப்பிடியோடு நின்றுகொள்ளவும் முடியும். பொரி மிக லேசானது. ஒரு கோப்பை சுமார் 15 கிராம்தான், 60 கிலோகலோரி. அதில் உப்புப் போட்டுத்தான் பொரித்திருப்பார்கள் என்பதால் மேலே உப்பு சேர்க்க வேண்டாம். வெங்காயமும் தக்காளியும் நறுக்கிப் போட்டு உடனே சாப்பிட்டுவிடுங்கள்.

சிப்ஸ் சாப்பிடுவதானால் பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடாமல் சிறு கிண்ணத்தில் கொட்டி, பாக்கெட்டை மடித்துக் கிளிப் போட்டு உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். தயிர் சாதத்தோடு தொட்டுக்கொள்ள நாலு வில்லை என்பது, டிவி முன்னால் ஒரு பாக்கெட் என்பதைவிட எவ்வளவோ மேல். சாதம் வயிற்றை நிரப்பிவிடும். சிப்ஸ் சுவைக்கு மட்டும்.

குழந்தைகள் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் ஒரு பாக்கெட் கொடுத்தால் இரவு சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். வளரும் வயதில் கிடைக்க வேண்டிய புரதமும் இரும்புச்சத்தும் அந்த நேரத்தில் போய்விடும். பல்லுக்கும் கெடுதல்: கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் மாவு அப்பிக்கொண்டு, எச்சிலில் சர்க்கரையாக மாறி, கிருமிகளுக்குத் தீனியாகும். தின்றதும் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பெற்றோர் இதைத் தலைமையாசிரியரிடம் தைரியமாக எடுத்துச் சொல்லலாம். மிகச் சின்னக் குழந்தைகளுக்குக் கடினமான சிப்ஸும் முழு வேர்க்கடலையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்புக் கணக்கு முக்கியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உப்போடு பொட்டாசியமும் சிப்ஸில் அடர்ந்திருக்கிறது, 100 கிராமில் ஒரு கிராமுக்கு மேல். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கும் நோயாளிக்கு, காயைத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடிக்கச் சொல்வார்கள். சிப்ஸில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், பொட்டாசியம் அப்படியே தங்கிவிடும். மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கடைசியாக, பொரித்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து, துருவச் சேர்மங்கள் என்று சொல்லப்படும் கழிவுகள் சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கடையில் வாங்குகிறவர்கள் சட்டியைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்: எண்ணெய் கருத்துக் கெட்டியாகி, மேலே நுரை அடங்காமல், காயும்போதே புகைந்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். வாங்கி வந்ததில் சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள், வீணாகிறதே என்று தின்ன வேண்டாம். வீட்டில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்கோ குழம்புக்கோ பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். மறுபடி பொரிக்க வேண்டாம். அப்படித் தீர வேண்டுமானால் முதலிலேயே சின்ன வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றி, நாலைந்து ஈடாகப் போட்டு எடுப்பதுதான் வசதி.